விசா வர்றதுக்கு முன்னாடியே பயணம் சொன்னவன்

அஸ்ஸலாமு அலைக்கும்... எல்லாரும் எப்படி இருக்கீங்க? சாப்டாச்சா? இங்க காரைக்கால்ல வெயிலு கொளுத்துது.

வஞ்சிரக் கருவாட்டு வாசன தெரியுமில்ல? ஒரு காலத்துல என் ரூமு பூரா அந்த வாசனதான். அதுவும் கோட்டுச்சேரிமேட்டுக் கருவாடு... அங்க வலய விரிச்சு அதுமேல காயப்போடுவாங்க, பல்லுல மண்ணு கடிக்காது... சரி, அத வுடுங்க.

அப்ப எனக்கு இருவது வயசு தாண்டியிருக்கும். துபாய் போயி கிரேன் ஆப்பரேட்டர் ஆவணும். அதான் என் கோல். டீக்கடையில, சலூன்ல, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவர்கிட்டகூட சொல்லிடுவேன். வாயில எதுவும் நிக்காது எனக்கு.

எங்க தெருவுல வெளிநாடு போறவங்க வீடு வீடா போயி 'பயணம் சொல்லிட்டு' வரணும். விசா, டிக்கெட்டு ரெண்டும் கைக்கு வந்தப்புறம்தான் சொல்வாங்க. நான் மெடிக்கல் முடிஞ்ச மறுநாளே கெளம்பிட்டேன்! ஆளாளுக்கு துவா செஞ்சு, அங்க இருக்குற அவங்க புள்ளைங்களுக்குன்னு கருவாடு, நார்த்தங்கா ஊறுகான்னு பார்சல் குடுத்தாங்க.

விசா வரல.

ஏஜெண்ட்டு "இந்தா வருது, இந்தா வருது"ன்னான்... அப்புறம் போனே எடுக்கல.

தெருவுல எறங்குனா போதும், "என்ன துபாய்க்காரரே, பிளைட்டு பஞ்சரா?"ம்பானுங்க கூட்டாளிங்க. சந்து வழியாவே போவேன். ஜும்மாவுல கடைசி வரிசையில நின்னு, மொத ஆளா வெளிய ஓடியாருவேன்.

உம்மாதான் வெரட்டுனாங்க. "ஊரான் நம்பிக் குடுத்த அமானிதத்த எத்தன நாளுடா வீட்டுல வெச்சிருப்ப? குடுத்துட்டு வா."

மறுபடி அதே வீடுங்க...

மொதல்ல ஜுலைகா லாத்தா வீடு. தல தூக்காம பார்சல நீட்டுனேன். "அதுக்கென்ன தம்பி, அடுத்த தடவ பயணம் சொல்ல வர்றப்ப புதுசா தர்றேன்"ன்னாங்க.

திட்டியிருந்தாகூட தாங்கியிருப்பேங்க.

அடுத்த தடவன்னு ஒண்ணு வரவே இல்ல. கீழவாஞ்சூர் போர்ட்டுல லாரி ஓட்டியே காலம் போயிடுச்சு.

இப்பல்லாம் யாரு பயணம் சொல்றா? ஏர்போர்ட்டுல நின்னு ஸ்டேட்டஸ் போடுறாங்க. என் மவனும் போன மாசம் கத்தாருக்குப் போயிட்டான். பெத்த எனக்கே டிக்கெட்டு எடுத்தப்புறம்தான் தெரியும்.

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா தெரு பூரா சொல்லிடுவீங்க வாப்பா. விசா வரலன்னா அப்புறம் யாரு மூஞ்சில முழிக்கிறது?"

என் கத அவன் வரைக்கும் போயிருக்கு பாருங்க... கூனிக்குறுகிப் போயிட்டேன். அந்த வெக்கத்துல வழியனுப்பும்போதுகூட ஒரு வார்த்த நல்லா பேசல. அவன் செஞ்சதுதான் சரின்னு அவன்கிட்டயே சொல்லணும்...

"என்னங்க! மவன் வீடியோ கால்ல நிக்கிறான், அங்க போன்ல என்னத்த தட்டிக்கிட்டு இருக்கீங்க?"

இந்தா வந்துட்டேன்... இன்னக்காவது அவன்கிட்ட நான் அத...