ஏறிக்கொண்டே போன எடை

பிள்ளைகளே, உங்களுக்கு இது நினைவிருக்காது. இரண்டாயிரம் பிறந்து மூன்று, நாலு வருஷம் இருக்கும். உங்கள் அம்மாவுக்குச் சென்னையில் இதயத்தில் இரண்டு வால்வு மாற்றி, மாமல்லபுரத்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். நீங்கள் மதுராந்தகத்தில் சித்தி வீட்டில் இருந்தீர்கள்.

அனுப்பும்போதே டாக்டர், உப்பைக் குறைக்கணும், தினமும் எடை பார்க்கணும் என்றார். எதற்கு எடை என்று நான் கேட்கவில்லை. தேறுகிறாளா என்று பார்க்கத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுவரை மெல்ல நடப்போம். காசு போட்டால் அட்டை விழும் மெஷினில் அம்மா ஏறி நிற்பாள். ஒரே வாரத்தில் நாலு கிலோ! பார்த்தவர்கள் எல்லாம் "பூசினாப்போல ஆயிட்டா" என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டாள். தேறுகிறவளுக்கு மூச்சு ஏன் முட்டணும்? புரியவில்லை. ஆபரேஷன் அசதி என்று விட்டுவிட்டேன்.

வாய்க்கு ருசியில்லை என்றாள் என்று தினமும் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். குழம்பில் உப்பே போடுவதில்லை. கருவாட்டில் இருப்பதும் உப்புதான் என்று தோன்றவேயில்லை.

ஒரு காலையில் வாசலில் கூடையை இறக்கிய கருவாட்டுக்கார அக்கா, அம்மாவின் காலைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, மெட்டி சதைக்குள்ள பொதைஞ்சி கீது, நீ பாட்டுக்கு கருவாடு கேக்குற?"

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"நல்லாத்தானே தேறிகினு வரா?" என்றேன்.

"பலூன் ஊதுனா அதுக்குப் பேரு தேறுறதா? இது தண்ணி. எங்க வூட்டுக்காரருக்கும் இப்டித்தான் வந்துச்சி. ஒடனே இட்டுகினு போ!"

கருவாடு தராமலே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எடை அட்டைகளை டாக்டரிடம் நீட்டினேன். "இதக் கையில வெச்சுக்கிட்டா வீட்ல உக்காந்திருந்தீங்க?" என்றார். இதயம் சரியாக இறைக்காததால், கருவாட்டு உப்பும் சேர்ந்து, நீர் தேங்கி நுரையீரல்வரை போயிருந்ததாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், நர்ஸைக் கூப்பிட்டார்.

நீர் பிரிய ஊசி போட்டார்கள். நாலு நாளில் ஐந்து கிலோ இறங்கியது. நர்ஸ் "சூப்பர்" என்று சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போன அம்மாவைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது. எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை.

எனக்குப் படிப்பு குறைவுதான். ஆனால் "எதுக்கு சார்?" என்று ஒரு வார்த்தை கேட்கப் படிப்பு எதற்கு? இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

ஐந்து கிலோ இறங்கிய அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா ஒரே தலையணையில் மூச்சு முட்டாமல் தூங்கினாள். நான் வராந்தா ஓரமாகப் போய், வேட்டியை விலக்கி, என் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல கால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.