அண்ணை விழுங்கிய குளிசை

ஆறு மாதம் நான் தேங்காய்ப்பாலைத் தொடவில்லை. சொதிக்குக் கொழுப்பெடுத்த பசும்பால்தான். புட்டில் மருந்துக்குக்கூடத் தேங்காய்ப்பூ கிடையாது. முட்டை, இறால், நண்டு எல்லாவற்றுக்கும் பெரிய கும்பிடு போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கிங்ஸ்பரியிலிருந்து, லண்டனின் மறுபக்கத்தில் ஈஸ்ட் ஹாமில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும் அண்ணை, என் முன்னாலேயே நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டு, "வாயைக் கட்டடா தம்பி, எல்லாம் சரிவரும்" என்பார்.

சரிவரவில்லை. இரண்டாவது இரத்தப் பரிசோதனையிலும் கொலஸ்ட்ரோல் இறங்க மறுத்தது. நான் களவாய்த் தின்றதாக டொக்டர் நினைக்காததே பெரிய ஆறுதல். கொலஸ்ட்ரோல் இல்லாமல் உடம்பே இல்லையாம். உயிரணுக்களின் மேலுறைக்கும், கொழுப்பைச் செரிக்கும் பித்தநீருக்கும், சில ஹோர்மோன்களுக்கும் அது வேண்டும். பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது, முக்கியமாக ஈரல். இரத்தத்தில் மிஞ்சி ஓடுவதைத் திரும்ப எடுப்பதும் ஈரலின் வேலைதான். என்னுடையது அதை ஒழுங்காகச் செய்யவில்லை. நான் வாயைக் கட்டிக்கொண்டிருக்க, உள்ளே இருந்துகொண்டே அது காலை வாரிவிட்டது.

"இது பரம்பரையாக வருவது. குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா?" என்று டொக்டர் கேட்டார். அப்பா ஐம்பதுக்குள் நெஞ்சுவலியில் போனதைச் சொன்னேன். அண்ணைக்கு ஒன்றுமில்லை என்று பெருமையாகவே சொன்னேன்.

அண்ணையையும் சோதிக்கச் சொல்ல, கொலஸ்ட்ரோலுக்கு டொக்டர் எழுதித் தந்த குளிசைப் பெட்டியோடு நேரே கிங்ஸ்பரிக்குப் போனேன். அதை மேசையில் வைத்ததும் அண்ணி எட்டிப் பார்த்தார்.

"இது இவர் எட்டு வருசமாப் போடுற குளிசையெல்லே!"

அண்ணை அவரை முறைத்தார்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"மகளுக்குச் சம்பந்தம் பேசின நேரமடா. பரம்பரை வருத்தம் எண்டு கதை வெளியில போனா ஆர் கட்டுவினம்?"

"நான் வெளி ஆளோ? அப்பா மாதிரி நானும் போயிருந்தா?"

ஆறு மாதமும் என் சொதியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த மனிதர், கூடப் பிறந்தவர். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவருடைய மகள் கலியாணம் முடித்து ஐந்து வருடமாகிவிட்டது, இரண்டு பிள்ளைகள். அவளாவது இரத்தம் சோதித்தாளா என்று கேட்டேன்.

"அவளுக்குச் சொல்லேல்லை," என்றார் அண்ணை. "சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிடும்."

அவர் எழுந்து மறிக்கப் பார்க்க, நான் அங்கே நின்றபடியே அவளுக்குப் போன் எடுத்தேன்.