வித்யாவின் வைஃபை கார்டும் என் காறை எலும்பும்

என் இடது காறை எலும்பு போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்குள் உடைந்தது. உடைத்தவன் பக்கத்துப் போர்ஷன் ரகுநாத். நான் அவன் வீட்டு வைஃபையைத் திருடிவிட்டேனாம். என்னிடம் இருப்பது பட்டன் போன். முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன் நான், பெயர் ஆண்டிச்சாமி. வைஃபை கறுப்பா சிவப்பா என்றுகூட அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் இது என் கதை இல்லை. ரகுநாத்தின் மனைவி வித்யாவின் கதை. நான் கண்ணால் பார்த்ததோடு, பிறகு அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அங்கங்கே வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வித்யா பிறந்தது திருவரங்குளம். அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். டியூப்பைத் தண்ணீரில் முக்கி ஓட்டை கண்டுபிடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது. பி.சி.ஏ. முடித்ததும் புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். ஸ்கிரீன் மாற்றுவது, கீபோர்டு மாற்றுவது எல்லாம் அவள் கைதான். பெண் பார்க்க வந்த ரகுநாத்துக்கு அது தெரியாது. அவள் அங்கே பில் போடுகிறாள் என்று நினைத்தான். கல்யாணமாகி நாலு வருடமாகியும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு முட்டாள்தனம் மட்டும் அவனிடம் இல்லாதிருந்தால் அவள் இன்றைக்கும் அந்த வீட்டுக்குள்தான் கிடந்திருப்பாள்.

ரகுநாத்துக்கு வண்டி தூக்கும் வேலை. தவணை கட்டாதவர்களின் பைக்கை நடுரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போகிற வேலை. கையை நீட்டினால்தான் அதில் பிழைக்க முடியும். வீட்டுக்கு வந்த பிறகும் கை நீண்டபடியே இருக்கும்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே கட்டடம். வீட்டுக்காரர் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார். அந்தச் சுவர் வழியாக அந்தப் பக்கம் குக்கர் விசில் எத்தனை என்று எண்ணிவிடலாம். அடி விழுந்தாலும் எண்ணலாம். முதலில் பாத்திரம் உருளும். பிறகு அவன் குரல். பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம், உள்ளே பஞ்சு வைத்த மூட்டையைத் தரையில் போடுகிற மாதிரி. அவள் கத்த மாட்டாள். அதுதான் கேட்பவனுக்குப் பயங்கரம்.

என் மனைவி தனலட்சுமி எழுந்து சேலையைச் சொருகுவாள். "போய்க் கதவைத் தட்டிட்டு வாரேங்க" என்பாள்.

"புருசன் பொண்டாட்டி விவகாரத்துல நமக்கு என்ன ஜோலி? இங்கிட்டு வந்து உக்காரு" என்பேன் நான்.

எழுந்துபோய் அந்தப் பக்கத்து சன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவேன். நாலு வருடமாக இதுதான் வழக்கம்.

மற்றபடி நான் ரகுநாத்துக்குப் பயந்தவன் இல்லை. மோட்டார் போடுவதில் சண்டை, கேட்டை அடைத்துப் பைக் நிறுத்துவதில் சண்டை என்று வாரத்துக்கு ஒரு முறை அவனோடு மல்லுக்கு நிற்பேன். என் தண்ணீருக்காக வாய் கிழியப் பேசினேன். அவ்வளவுதான் என் வீரம்.

அவன் ஹாலில் ஒரு கேமரா மாட்டியிருந்தான். வெளியே சுற்றும்போது போனில் வித்யாவைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அடிப்பதற்கு முன்னால் மட்டும் மறக்காமல் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவான். அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு முன் அவள் வாங்கிய பழைய லேப்டாப் மட்டும் வீட்டில் இருந்தது. அதில் அவள் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்று தெரிந்த அன்று, அவள் வலது கை மோதிர விரலை பீரோக் கதவில் வைத்து நசுக்கினான். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது. அன்றைக்கு ஏதோ பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அவன் தன் போனிலிருந்தே அந்த லேப்டாப்புக்கு வைஃபை கிடைக்காதபடி தடை போட்டான். பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம். மாற்றினால் டிவி, கேமரா எல்லாவற்றிலும் புதிதாகப் போட வேண்டுமே, அந்தச் சோம்பேறித்தனம்.

வித்யாவுக்கு அது போதும். தடை லேப்டாப்புக்கு இல்லை, லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டின் எண்ணுக்குத்தான். ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் உண்டாம், வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதைப் போல. கார்டை மாற்றிவிட்டால் அந்த லேப்டாப் புது ஆள். அதோடு பழைய கார்டுக்கு அடுப்படியில் சிக்னல் எட்டாது. ஹாலில் கேமரா. அடுப்படியில்தான் அவள் யார் கண்ணிலும் படாமல் உட்கார முடியும். புதுக் கார்டு அங்கேயும் பிடிக்கும்.

தடை விழுவதற்கு முன்பே அவளுக்கு ஒரு நேர்காணல் வந்திருந்தது. திருச்சியில் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் பழுதைத் தொலைவிலிருந்தே சரிசெய்து கொடுக்கும் வேலை, தங்க ஹாஸ்டலும் அவர்களே. செவ்வாய்க்கிழமை பதினொரு மணி முதல் பதினொன்றரை வரை, லேப்டாப் வழியாகவே வீடியோவில். அதில் தேறினால் வீட்டை விட்டுப் போய்விடலாம். தேறாவிட்டால் அடுத்த விரல்.

பழைய கடைத் தோழி ஐஸ்வர்யா, முந்தின வாரம் கோயிலில் பார்த்தபோது கேட்டு வைத்தபடி, வெள்ளிக்கிழமை அங்கேயே வைத்துப் புதுக் கார்டை விபூதி மடித்த காகிதத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். வித்யா வெளியே போக அனுமதி இருந்த இடம் அந்தக் கோயில் ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவன் கிளம்பியதும் அடுப்படித் தரையில் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தாள். அடியில் பத்து ஸ்க்ரூ. நீளம் குட்டை மாறிவிடக் கூடாது என்று இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டாள். மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். பழைய கார்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர். அவற்றை நிமிர்த்திவிட்டு, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியதும் கார்டு தானாகத் தலையைத் தூக்கியது. புதியதைச் சாய்வாகச் சொருகி அழுத்தி ஸ்க்ரூவைப் போட்டாள். அதுவரை பத்து நிமிடம். ஒயர் முனை இரண்டையும் மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. ஜாக்கெட்டின் அமுக்குப் பட்டனில் கால்வாசிகூட இருக்காது அந்த முனை. நேராக வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். கோணலாக அழுத்தினால் நசுங்கிப்போகும். வீங்கின விரல் நடுங்கிக்கொண்டே இருந்ததாம். விரலைப் பல்லால் கடித்து, மரத்துப்போகச் செய்து, பிறகு நகத்தால் அழுத்தினாளாம். இதைச் சொல்லும்போது சிரித்தாள்.

அவன் போனில் பார்த்தாலும் அடையாளம் தெரியாதபடி லேப்டாப்பின் பெயரையும் வெறும் எண்களாக மாற்றினாள். பழைய கார்டைக் குங்குமச் சிமிழில் வைத்தாள்.

ஒன்றை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை. புது ஆள் உள்ளே வந்தால் அவன் போன் மணியடித்துச் சொல்லிவிடும்.

செவ்வாய் காலை நான் மோட்டார்த் தொட்டியருகே வாளியோடு நின்றிருந்தேன். பைக் சீறிக்கொண்டு உள்ளே வந்தது. ரகுநாத் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்தான். வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு இதெல்லாம் வரும் என்று அவன் கனவில்கூட நினைத்ததில்லை. போன வாரம்தான் மோட்டாருக்காக நான் அவனைப் பேச்சில் நாறடித்திருந்தேன். அவனுக்குத் திருடன் தயாராக இருந்தான்.

"யோவ், ஏன்யா என் வைஃபையத் திருடுற? யாருய்யா ஒனக்குப் பாஸ்வேர்டு குடுத்தா?"

"என்னத்தத் திருடுனேன்?"

"நடிக்காத. பாரு, புது ஆள் உள்ள இருக்கான்னு போன்ல காட்டுது."

நான் என் பட்டன் போனை எடுத்துக் காட்டிச் சிரித்தேன். "இதுலயாடா வைஃபை? போடா, போயி ஒழுங்கா நாலு வண்டியத் தூக்கு."

அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் அடி. ஹெல்மெட் என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது. நானும் சும்மா விடவில்லை. வாளித் தண்ணீரை அவன் முகத்தில் அடித்து, என்னைப் பிடித்த கையைக் கவ்விக் கடித்தேன். அவன் ரத்தமும் என் ரத்தமும் கலந்து உப்புக் கரித்தது. அறுபத்திரண்டு வயதில் அவ்வளவுதான் முடிந்தது. அவன் என்னைத் தூக்கி மோட்டார் மேடையில் அடித்தான். விழுந்தவன் மேல் ஏறி மிதித்தான். காறை எலும்பு முறிந்ததைக் காதால் கேட்டேன், காய்ந்த விறகை ஒடிக்கிற சத்தம்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். தலைக்கு மேலே அவர்கள் வீட்டு அடுப்படி சன்னல். உள்ளிருந்து ஒரு கை வந்தது. மோதிர விரல் வளைந்த கை. அது சன்னல் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தியது. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தனலட்சுமி ரேஷன் கடையிலிருந்து ஓடி வந்து போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

வியாழக்கிழமை, தோளில் கட்டோடு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ரகுநாத், கையில் நான் கடித்த காயத்துக்குப் பிளாஸ்திரி. தன் இணையத்தை நான் திருடியதாக அவனும் ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டையும் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

வித்யா உள்ளே வந்தாள். இடுப்பில் லேப்டாப், கையில் குங்குமச் சிமிழ். ரகுநாத் வெலவெலத்துப் போனான். வீட்டை விட்டு அவள் தனியாக இவ்வளவு தூரம் வந்ததே கிடையாது.

"சார், இவர் வைஃபைய யாரும் திருடல. நான்தான் எடுத்தேன்" என்றாள்.

சிமிழைத் திறந்து பழைய கார்டை மேசையில் வைத்தாள். அதில் ஒட்டியிருந்த எண்ணும் ரகுநாத் போனில் தடை போட்ட எண்ணும் ஒன்று. லேப்டாப்பைத் திறந்து புதுக் கார்டின் எண்ணைக் காட்டினாள். திருடன் என்று அவன் போன் சொன்ன எண் அது. சப்-இன்ஸ்பெக்டர் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார்.

"யாரும்மா இதக் கழட்டி மாட்டுனது?"

"நான்தாங்க சார். அவரு தடுத்து வச்சிருந்தாரு. வேலை வேணும்னு மாத்தினேன்."

ரகுநாத் எழுந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் மட்டும் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே அவள் தலை ஸ்டேஷன் பீரோவில் போய் மோதியது. முடியைப் பற்றி இழுத்து இரண்டாவது, மூன்றாவது. வயிற்றில் ஓர் உதை. இரண்டு காவலர்கள் பாய்ந்து பிடிப்பதற்குள் அவ்வளவும் முடிந்துவிட்டது. அவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையாலும் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு நின்றாள்.

உதட்டு ரத்தத்தை முந்தானையில் துடைத்தபடி, சுவர் மூலையில் இருந்த கேமராவைக் காட்டி, "சார், இப்ப அடிச்சது அதுல பதிவாயிருக்குமா?" என்று கேட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். "ஆயிருக்கும்மா" என்றார். அன்று ரகுநாத் வீடு திரும்பவில்லை.

சாயங்காலம் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தனலட்சுமி காபி கொடுத்தாள். புதன்கிழமையே வேலை உறுதியாகிவிட்டதாம், நாளைக்குக் கீரனூர் வழியாகப் போகிற பஸ்ஸில் திருச்சி போகிறாளாம். அதுவரை அவள்மேல் இரக்கமாக இருந்தவன், அதைக் கேட்டதும் கொதித்துவிட்டேன். வேலை உறுதியாகும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

"ஏம்மா, அன்னிக்கு அந்தப் பய என்னயப் போட்டு மிதிக்கிறப்ப, நீதான சன்னலச் சாத்துன?"

"ஆமா பெரியப்பா."

"நான் கத்துனது கேக்கலையா ஒனக்கு?"

"நல்லாக் கேட்டுச்சு. இன்னும் எட்டு நிமிசம் பாக்கி இருந்துச்சு. சத்தம் அவங்களுக்குக் கேட்டா வேலை போயிரும்ல. நீங்க சாத்துவீங்கல்ல, அது மாதிரிதான் சாத்துனேன்."

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். தனலட்சுமி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் காபியைக் குடித்தேன்.

வித்யா இப்போது திருச்சியில் இருக்கிறாள். அந்த விரல் நேராகவில்லை. வழக்கு அடுத்த மாதம் வருகிறது, என்னை அடித்ததற்கும் அவளை அடித்ததற்கும் சேர்த்து. நான் சாட்சி. நாலு வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதை எல்லாம் சொல்ல வேண்டும். அப்படியானால் ஏன் ஒரு நாளும் போய்க் கதவைத் தட்டவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பாராம். பயமாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள் என்றார் எங்கள் தரப்பு வக்கீல்.

பயமெல்லாம் இல்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.