நடைவேகத்துக்கு ஒரு டியூனர்

"வெர்லீன் டிட்வெல் முன்னால் போனால்தான் என் சவப்பெட்டி வண்டியேற வேண்டும்" என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்தவர்கள் மெம்ஃபிஸில் பத்துப் பேராவது இருப்பார்கள். அதில் நானும் ஒருவன். என் பெயர் டைரீ. வெர்லீன் அக்காவுக்குப் பக்கத்துத் தெரு. பத்து வருஷமாக அவளோடு சேர்ந்து சவ ஊர்வலங்களுக்கு மோட்டார் சைக்கிளில் காவல் போகிறேன்.

தொழில் லேசானது என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கட்டும். சவ வண்டிக்கு முன்னால் ஒருவர் நடைவேகத்தில் போவார். மற்றவர்கள் வரிசையின் வாலிலிருந்து சீறிக்கொண்டு வந்து, அடுத்த சந்திப்பில் குறுக்கே நின்று லாரியையும் காரையும் மறிப்போம். வரிசை கடந்ததும் மறுபடியும் ஒரு சீறல், அதற்கடுத்த சந்திப்பு. ஆகஸ்ட் மாத வெயிலில் கறுப்பு கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். அக்கா கையுறையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் மாட்டுவாள்.

இருபத்தாறு வருஷம் லாமர் அவென்யூவில் நகரப் பேருந்து ஓட்டியவள் அவள். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பெரிய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். வாங்கியபடியே ஓட்டியிருப்பாள், ஆனால் ஒரு சிமெண்ட் லாரிக்காரன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, இவள் வருவது தெரியாமல் கைப்பிடியை உரசிக்கொண்டு போனான். மறுநாளே புதுப் புகைக்குழாய், புது ஏர் ஃபில்டர், இன்ஜினுக்குள் வால்வைத் திறந்து மூடும் கேம் தண்டு எல்லாம் மாற்றினாள். அதன்பின் இவள் கிளம்பினால் மூடிய காருக்குள் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

ஆனால் இன்ஜினுக்குள் காற்று கூடிவிட்டது. அளந்து பெட்ரோல் விடுகிற கணினிப் பெட்டிக்கு அது எப்படித் தெரியும்? அது பழைய கணக்கிலேயே விட்டுக்கொண்டிருந்தது. மெதுவாகப் போனால் வண்டி குலுக்கும், சூடேறும். ஆக்ஸிலேட்டரை விட்டால் குழாயில் "டப், டப்" என்று வெடிக்கும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் பெருமை. அக்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மே மாதம் வரைக்கும்.

மே மாதம் டெரல் பீஸ்லியை அடக்கம் செய்தோம். பத்தொன்பது வயது. பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தவனை யாரோ சுட்டுவிட்டார்கள். அக்கா முன்னால் போனாள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் திரும்புவதற்காக ஆக்ஸிலேட்டரை விட்டாள். வண்டி மூன்று முறை வெடித்தது.

கூட்டத்தில் பாதிப் பேர் தரையில் படுத்துவிட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிச் சத்தம் என்றால் அதுதான் பழக்கம். டெரலின் அம்மா காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அப்படியே சேற்றில் விழுந்து மகன் பெயரைச் சொல்லி அலறினார். அக்கா வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அதே சேற்றில் மண்டியிட்டு அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ, பாதிரியார்கூட காத்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னாள்: "இந்த வண்டி வாய மூடக் கத்துக்கற வரைக்கும் நான் முன்னால போக மாட்டேன் டைரீ. வால்ல வரேன்."

"பழைய குழாயையே மாட்டிடேன், அக்கா."

"மாட்டிட்டு? அடுத்த சிமெண்ட் லாரிக்கு அடியில போகவா? எனக்கு ரெண்டும் வேணும். ஓடும்போது கத்தணும், நடக்கும்போது பேசாம வரணும்."

அதற்குத்தான், பெட்ரோல் கணக்கைத் திருத்துகிற டியூனர் தேடி, மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில் வேட் லாண்ட்ரம் கடைக்குப் போனோம். வேட் அர்க்கன்சாஸ்காரன், பெரிய உடம்பு, பெரிய வாய். கடையின் நடுவில் ஒரு உருளை இருக்கும். வண்டியின் பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி முறுக்கினால் எத்தனை ஹார்ஸ்பவர் என்று சொல்லும். அதைச் சுவரில் கரும்பலகையில் எழுதுவான். அந்தப் பலகையில் முதலிடம் பிடிப்பதற்காகப் பல் டாக்டர்களும் வக்கீல்களும் சம்பளத்தை அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள்.

வேட் மேஜைமேல் மூன்று டியூனர்களை எடுத்து வைத்தான். ஒன்று, வயருக்கு நடுவில் செருகி எல்லா வேகத்திலும் கொஞ்சம் பெட்ரோல் கூட்டிவிடுகிற சின்னப் பெட்டி. இன்னொன்று, குழாயில் மோப்பம் பிடிக்கிற சென்சார் வைத்து ஓட ஓடத் தானே திருத்திக்கொள்வது. மூன்றாவது, கணினிப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கையே அழித்துப் புதிதாக எழுதுவது.

"அந்தச் சின்னது போதும், அக்கா. அரைமணி நேர வேலை" என்றேன் நான்.

"அம்மா, மூணாவத எடுங்க" என்றான் வேட். "உங்கள பலகையில மேல ஏத்திக் காட்றேன்."

"உங்க பலகை யாருக்கு வேணும்? தானா கத்துக்குமே, அதக் குடுங்க. நான் ஓட்றத பாத்து அது கத்துக்கட்டும்."

பேருந்துக்காரி புத்தி. புது டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கியவள் அல்லவா, இயந்திரமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். மிசிசிப்பி மாநில எல்லை வரைக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டிக் கற்றுக்கொடுத்தாள். அங்கே வண்டி வெண்ணெயாக ஓடியது. ஊர்வலத்தில் மெதுவாக ஓடியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்தக் கேமுக்கும் கட்டையான புதுப் புகைக்குழாய்க்கும், மெதுவாகப் போகும்போது வெளிக்காற்று குழாய்க்குள் திரும்பி வந்துவிடும். சென்சார் அதை மோந்து பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றியது. வெடிச் சத்தம் நின்றது. பதிலுக்குக் கரும்புகையும் நாற்றமும். சர்ச் மூப்பர் ஒருவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "யாரு இங்க பெட்ரோல கொட்டினது?" என்று என்னைப் பார்த்து முறைத்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வீட்டில் பொரித்த கெளுத்தி மீன் தின்றுகொண்டிருந்தேன். ஈமச் சடங்கு நிலையத்திலிருந்து போன் வந்தது. டெரலின் அம்மா, அந்த பீஸ்லி அம்மாவின் தகப்பனார் தவறிவிட்டார், சனிக்கிழமை அடக்கம், முன்னால் அக்காதான் வர வேண்டுமாம்.

"நான்னு தெரிஞ்சுதான் கேக்கறாங்களா?" என்றாள் அக்கா.

"'அந்த வெடிச்ச வண்டிக்காரி'ன்னுதாங்க சொன்னாங்க. 'எனக்காகச் சேத்துல உக்காந்தது அவ ஒருத்திதான். அவளே வரட்டும்'னாங்க" என்று போனில் வந்த குரல் எனக்கும் கேட்டது.

அக்கா போனை வைத்துவிட்டு மீன் தட்டை ஓரமாகத் தள்ளினாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, என் வண்டிய எடுத்துக்கோ. பூனை மாதிரி வரும்."

"உன் வண்டியில போனா, அந்தம்மா மனசுல என் வண்டி சாகற வரைக்கும் வெடிச்சுக்கிட்டே இருக்கும்டா. என் வண்டிலதான் போவேன். போய் வெடிக்காமக் காட்டணும்."

மறுநாள் காலையில் வேட் கடை திறக்குமுன்பே வாசலில் நின்றோம். மூன்றாவது டியூனரைக் கேட்டாள். வேட்டுக்கு முகமெல்லாம் பல். வண்டியை உருளையில் ஏற்றி, கணினியில் பெட்ரோல் கணக்கைத் திறந்தான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள்.

"பாருங்கம்மா, இந்த மேல் மூலை இருக்கே, இங்கதான் பவரு."

அக்கா கீழே இடது மூலையில் விரலை வைத்தாள். "இங்க என்ன இருக்கு?"

"அதுவா? சும்மா ஊர்ந்து போற வேகம். எல்லா வண்டிக்கும் ஒரே நம்பரத்தான் போடுவேன். அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"நான் அங்கதான் குடியிருக்கேன் வேட்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. டெரலைப் பற்றிச் சொன்னாள், கல்லறை வாசலில் வெடித்ததைப் பற்றிச் சொன்னாள். வேட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இந்த உருளை அவ்வளவு மெதுவுல சரியா சொல்லாதும்மா. வண்டி சூடாகி, தரையில நடக்கணும். அப்பத்தான் தெரியும்."

"அப்போ கெளம்புங்க, கல்லறைக்கு."

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்கா வெயிலில் லாமர் அவென்யூவில் இரண்டு சுற்று ஓட்டி வண்டியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருவாள். வேட் மடிக்கணினியைக் கழுத்தில் வார் போட்டு மாட்டிக்கொண்டு, வண்டிக்கும் அதற்கும் இடையில் ஒரு வயரோடு, பக்கத்திலேயே நடப்பான். அக்கா வெள்ளைக் கையுறையோடு நேராக உட்கார்ந்து, கால் தரையில் படாமல் ஊர்வல வேகத்தில் வருவாள். பின்னால் குளிர்ந்த டீ ஜாடியைத் தூக்கிக்கொண்டு நான். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "யாருங்க செத்தது? பொணத்த மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

வாசலில் ஆக்ஸிலேட்டரை விடுவாள். "டப்." வேட் மரநிழலில் உட்கார்ந்து எண்களை மாற்றி வண்டிக்குள் எழுதுவான். மறுபடி சூடாக்கி, மறுபடி வாசல். ஆக்ஸிலேட்டரை மூடும்போது இந்த இடத்தில் கொஞ்சம் பெட்ரோல், தீப்பொறி விழும் நேரம் அந்த இடத்தில் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். மத்தியானத்தில் வெடி தும்மலானது. பொழுது சாய்வதற்குள் தும்மலும் போய்விட்டது. புகையில்லை, நாற்றமில்லை. குலுக்காமல் தாழ்ந்த குரலில் ஒரே சீராக உறுமிக்கொண்டு வந்தது வண்டி. வேட்டின் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்திருக்கும்.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன்" என்றான். "இந்த மூலைக்கு நான் வந்ததே இல்ல."

வெள்ளிக்கிழமை சரிபார்ப்பதற்காக ஒருமுறை உருளையில் ஏற்றினார்கள். கடையில் நல்ல கூட்டம். வந்த எண் பலகையிலேயே கடைசி. வேட் எழுதாமல் விடப் பார்த்தான். அக்கா சாக்பீஸைப் பிடுங்கித் தன் பெயரையும் எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

பலகையில் முதலிடத்தில் இருந்த பல் டாக்டர் சும்மா இருப்பாரா? "அக்கா, எங்க வீட்டுப் புல்லு வெட்ற மெஷின் இதவிட நல்லா இழுக்குமே!"

"இழுக்கட்டும்" என்றாள் அக்கா. "நீ எவ்ளோ வேகமா ஓட்டினாலும் கடைசில ஒருநாள் என் பின்னாலதான்டா வரணும். அன்னிக்கு முந்திப் பாரு."

கடையே அதிர்ந்தது. நானும் விசில் அடித்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு, ஏதோ நான்தான் அந்த எண்களை எழுதியதுபோல.

சனிக்கிழமை எல்லாச் சந்திப்புகளையும் முடித்துவிட்டுக் கல்லறை வாசலில் வந்து நின்றேன். வரிசை வந்தது. முன்னால் அக்கா, முதுகு வளையாமல். அவளுக்குப் பின்னால் சவ வண்டி. அதற்கும் பின்னால் முதல் காரில் பீஸ்லி அம்மா, ஜன்னலை இறக்கிவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். வளைவில் அக்கா பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். வாசல் வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டாள்.

சரளைக் கற்கள் சக்கரத்தில் நொறுங்கும் ஓசைதான் கேட்டது.

பீஸ்லி அம்மா காதிலிருந்து கையை எடுத்தார். மெல்ல, ஒரு கை, அப்புறம் இன்னொன்று.

அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். அந்த அம்மா மட்டும் நேராக அக்காவிடம் வந்தார். வண்டியின் டாங்க்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நல்ல புள்ளையா ஆயிடுச்சே, என்ன பண்ணீங்க?"

"பேசிப் புரிய வெச்சோம்மா."

அந்த அம்மா கொஞ்சம் சிரித்தார். பிறகு தோட்டத்தின் மறுகோடியைப் பார்த்தார். டெரல் அங்கேதான் இருக்கிறான்.

"அவனுக்கு வண்டின்னா உசுரு. என்னைய அவன்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா? இதே மாதிரி, மெதுவா?"

அக்கா பின்னிருக்கையைக் கையுறையால் துடைத்தாள். வெள்ளைக் கையுறை கறுத்துப்போனது. அந்த அம்மா கறுப்புப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறி, அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். கல்லறை வரிசைகளுக்கு நடுவே வண்டி நடைவேகத்தில் போனது. நான் பின்னால் நடந்தேன், கண் கலங்கிப் போய்த்தான், அதில் வெட்கம் என்ன?

அந்த அம்மா அக்காவின் தோளில் தலையைச் சாய்த்து, மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். சின்ன வயதில் அவன் சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் சொருகி மோட்டார் சத்தம் விட்டதைப் பற்றிச் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் நடந்த எனக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.