நீலமாக எரிய வேண்டும்

குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் தொங்கும் கேஸ் கீசரின் தகரத்தில் காதை ஒட்டிவைத்துக்கொள்கிறாள் குல்பாஷ். கண்கள் மூடியிருக்கின்றன. அந்த நேரத்தில் யாராவது பேசினால் கையை உயர்த்தி அடக்கிவிடுவாள். உள்ளே தீ பற்றும் சத்தம் கேட்டதும் விரல் விட்டு எண்ணுவாள். பத்துக்குள் தண்ணீர் சுட்டாக வேண்டும். சுடாவிட்டால், "உள்ள உப்பு கட்டிக் கெடக்கு. கழட்டு!" என்பாள். யாரைக் கழட்டச் சொல்கிறாள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் திகைப்பார்கள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். உதவிக்கு ஆள் கிடையாது. கொடுத்தாலும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

ஐம்பத்துநான்கு வயது. கட்டையான உருவம், கனத்த பஞ்சுக் கோட்டு. அதன் ஒரு பையில் தேய்ந்த பல் பிரஷ்கள், இன்னொன்றில் பொட்டலம் பொட்டலமாக எலுமிச்சை உப்பு. ஷிம்கென்ட் நகரத்தில் எங்கள் தெருக்களில் அவள் கை படாத கீசர் ஒன்று இருந்தால், அது கடையில்தான் இருக்க வேண்டும்.

தொட்டி வைத்த கீசர் என்றாலே அவளுக்கு ஆகாது. "விடிய விடியத் தண்ணியக் காய்ச்சி வயித்துல வச்சுக்கிட்டுக் காத்திருக்குமாம். மொதல்ல குளிக்கிற மாமனாருக்கு வெந்நி, கடைசில குளிக்கிற மருமகளுக்குப் பச்சத்தண்ணி. இது ஒரு பொழப்பா?" தொட்டியில்லாத கீசரோ குழாயைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும், பத்தாவதாகக் குளிப்பவருக்கும் அதே சூடு. கோடையில் நகரத்து வெந்நீர்க் குழாய்களைப் பழுது பார்க்கிறேன் என்று வாரக்கணக்கில் மூடிவிடுவார்கள். அடுக்குமாடிக்காரர்கள் அண்டாவும் அடுப்புமாக அல்லாடும்போது நாங்கள் ஜம்மென்று குளித்துவிட்டு வாசலில் தேநீர் குடிப்போம். எங்கள் தெருக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

"வருஷத்துக்கு ஒருக்கா எலுமிச்ச உப்பக் கரைச்சு உள்ள ஓடவிடு. மாசம் ஒருக்கா தண்ணி நுழையுற எடத்துல இருக்கற சல்லடையக் கழுவு. தீ நீலமா எரியுதான்னு பாரு. இருவது வருஷம் ஒழைக்கும். ஒன் புருஷனுக்கு இதவிட ஜாஸ்தி செய்யுற, அவரு என்னத்தக் கிழிச்சாரு?" என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டாள், பாவி. நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கீசரை முழுச்சூட்டில் வைத்து, பிறகு பச்சைத்தண்ணீர் கலந்து குளிப்பது என் வழக்கம். "ஏன்டி டீச்சரு, ஒனக்குப் பைத்தியமா? வேண்டிய சூட்டுல வச்சாப் போதாதா? கொதிக்கக் கொதிக்கத்தான உப்புக் கட்டும்!" என்றாள். மறுநாளிலிருந்து திருந்திவிட்டேன்.

சென்ற ஜனவரியில் அடுத்த வீட்டு ஒரின்குல் அக்காவின் பேரனுக்குக் கரண்டிக் குளியல். நாற்பது நாள் நிறைவதற்குள் ஆண் குழந்தைக்கு நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றி வாழ்த்துவார்கள். நாற்பது எண்ணெய் ரொட்டி சுடுவார்கள். அதுவரை பிள்ளை மேல் காற்றுப் படக்கூடாது என்று ஒரின்குல் அக்கா எல்லா ஜன்னல் இடுக்கிலும் பஞ்சை அடைத்து டேப் ஒட்டியிருந்தார். அன்று காலை பார்த்துக் கீசரில் வெதுவெதுப்பாகத்தான் தண்ணீர் வந்தது. விருந்தாளிகள் வரும் நேரம். குல்பாஷைக் கூப்பிட்டார்கள்.

நானும் ரொட்டிக்கு மாவு உருட்டக் கீசர் இருந்த அதே அடுக்களையில்தான் இருந்தேன். கடாய்க்கு மேலே புகையிழுக்கும் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. ஒரின்குல் அக்கா மருமகளைப் பற்றிய புராணத்தை ஆரம்பித்திருந்தார். "நாங்கல்லாம் பெத்த மூணாம் நாளே மாடு கறந்தோம். இவளுக்கு என்னடான்னா மூணு நாளாத் தலவலியாம், வாந்தியாம். எந்திரிக்கவே மாட்டேங்குறா."

குல்பாஷின் காது கீசரிலிருந்து விலகியது. "யாருக்குத் தலவலி?"

"மோல்டிருக்குத்தான். எல்லாம் சோம்பேறித்தனம்."

குல்பாஷ் மூடியைக் கழற்றினாள். தீ மஞ்சளாக எரிந்தது, மேலெல்லாம் கரி. செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துப் புகைக்குழாய் ஓரம் பிடித்தாள். உள்ளே இழுபட வேண்டிய தாள் அவள் முகத்தை நோக்கிப் படபடத்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சிறு கம்பியை உருவினாள்.

"இது யாரு பாத்த வேல?"

குழந்தையின் அப்பன் பெயர் எர்சாயின். கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுபவன். பெருமையாக முன்னால் வந்தான். "நான்தான் அக்கா. ஃபேனப் போட்டாலே கீசர் அணைஞ்சுபோச்சு. சென்சார் கெட்டுப்போச்சுன்னு கம்பி வச்சு இணைச்சுட்டேன். மூணு நாளா அணையவே இல்ல, பாருங்க!"

"மூணு நாளாத்தான் ஒன் பொண்டாட்டிக்குத் தலவலி."

குல்பாஷ் கேஸை அடைத்தாள், ஃபேனை அணைத்தாள். "ஜன்னல அடச்சுட்டீங்க. ஃபேனுக்குக் காத்து எங்கருந்து வரும்? புகைக்குழா வழியாத்தான். வெளிய போற விஷப்புகையும் கூடவே உள்ள வருது. அந்த சென்சார் கெடலடா, புகை உள்ள திரும்புனா கீசர அணைச்சுக் காவல் காத்துச்சு. அதப் போயிக் கட்டிப்போட்டிருக்க!" பேசிக்கொண்டே ரொட்டிக் கத்தியை எடுத்து ஜன்னல் டேப்பை மேலிருந்து கீழ்வரை சரசரவென்று அறுத்தாள். பனிக்காற்று பாய்ந்து வந்தது.

"அடிப்பாவி, புள்ளைக்குச் சளி புடிச்சா நீயா பொறுப்பு?" என்று அலறினார் ஒரின்குல் அக்கா.

"சளிக்கு மருந்து இருக்கு அக்கா. தூங்குறவ எந்திரிக்கலன்னா அதுக்கு மருந்து இல்ல."

குழந்தையைத் தூக்கிக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டாள். எர்சாயின் தன் மனைவி மோல்டிரை அள்ளிக்கொண்டு ஓடினான். பனியில் அவன் காலில் செருப்புக்கூட இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மோல்டிருக்குத் தலைவலி போனதும்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முழுதாக ஒரு நாள் ஆனது. மோல்டிர் படுத்திருந்தது அடுக்களையை ஒட்டிய அறை; பிள்ளை கிடந்த உள்ளறைக் கதவைக் குளிருக்காகச் சாத்தியே வைத்திருந்ததால் அவனுக்கு ஒன்றுமில்லை. "இன்னிக்கி ராத்திரியும் அந்த வீட்ல படுத்திருந்தா யாரும் எந்திரிச்சிருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்துக் கரண்டிக் குளியல் என் வீட்டில் நடந்தது. ஒரின்குல் வீட்டுக் கீசர் சுத்தமாகிச் சென்சாரும் சரியாகிவிட்டதுதான். ஆனால் எர்சாயினுக்கு அதன் முன்னால் நிற்கவே பயம். "நம்ம வீட்டு நாயக் கூடக் கட்டிப்போட மாட்டேன் இனிமே" என்றான் பாவம். என் கீசர் நீலமாக எரிந்து பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டியை நிரப்பியது. வழக்கப்படி வெள்ளிக் காசுகளைத் தண்ணீரில் போட்டோம். முதல் கரண்டி வீட்டின் மூத்தவளுக்கு உரியது. அதை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரின்குல் அக்கா கரண்டியை எடுத்தார், குல்பாஷின் கையில் வைத்தார்.

"நீ ஊத்து."

"நான் எதுக்கு அக்கா? நான் ரிப்பேருக்காரி."

"ஊத்துன்னா ஊத்து."

குல்பாஷ் கரண்டியில் தண்ணீரை மொண்டாள். குழந்தை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், தண்ணீர் முழுவதும் அவள் பாவாடையிலேயே சிந்தியது. மறுபடியும் மொண்டாள், மறுபடியும் சிந்தியது. மோல்டிர் அருகில் வந்து, கரண்டி பிடித்த அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.