ஐந்து பேர் தடுத்தால் மாட்டுங்காவில் இறங்க முடியாது

இன்று மாலை இந்தியக் கால்பந்து அணி ஐந்து தடுப்பாட்டக்காரர்களுடன் ஆடும். விளையாட்டு நிருபரான என்னிடம் அணியின் உதவியாளர் ஒருவர் காலையில் போனில் உறுதி செய்தார். பதினொரு பேரின் பெயர்களை நேரில் மட்டுமே சொல்வேன், மாட்டுங்கா ஸ்டேஷனில் பத்து நிமிடம் நிற்பேன் என்றார்.

மும்பையின் விக்ரோலியில் மின்சார ரயில் ஏறினேன். தினமும் உடன் வரும் செல்வத்திடம் வாயை விட்டது என் தவறு.

"அஞ்சு பேரு பின்னாடி நின்னா கோல் யாரு அண்ணாச்சி போடுவா? கோச்சுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

விளக்கிக் காட்டவும் தொடங்கினார். மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷனான தாதரில் இறங்குவதற்காக வாசலை அடைத்து நின்ற நால்வரோடு தானும் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

மாட்டுங்கா வந்தது. "பாய், உதர்னா ஹை!" என்று இறங்க வழி கேட்டு இரண்டு முறை கத்தினேன்.

"தாதர் மே உதரோ," என்று தாதரிலேயே இறங்கச் சொன்னார் ஒருவர், திரும்பிப் பார்க்காமலே.

ரயில் நகர்ந்தது. பிளாட்பாரத்தில் உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வத்தின் முகம் மலர்ந்தது. "கோச்சு சொன்னது சரிதான் அண்ணாச்சி. உங்களாலயே தாண்ட முடியலியே!"

தாதரிலிருந்து திரும்பி வந்தபோது உதவியாளர் போய்விட்டிருந்தார். போனையும் எடுக்கவில்லை. பெயர்கள் இனி ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஊருக்கெல்லாம் வரும்போதுதான் எனக்கும் வரும்.

தாதர்காரர்களைத் தாண்டி மாட்டுங்காவில் இறங்கியவர்கள் யாராவது இருந்தால், வழி சொல்லுங்கள்.