கண்ணுக்குத் தெரியாத நெருப்பு

விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டுதான் ஞானேஸ்வரி வாயு அறைக்குள் போவாள். பெருக்குவதற்காக அல்ல. ஐதரசன், அதாவது ஹைட்ரஜன் வாயு, எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியாது. "ஈர்க்கு பத்திக்கிட்டா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்ல" என்பாள்.

கண்டியில் ஒரு மலைச்சரிவிலுள்ள ஆய்வுகூடத்தில் பதினாறு வருடமாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஊர் புசல்லாவை. வேலைக்குப் பருத்திச் சேலை மட்டும்தான். நைலோன் உரசினால் பொறி வருமாம். கைத்தொலைபேசி வாசலோடு நின்றுவிடும். ஒவ்வொரு காலையும் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு, குழாய்ப் பொருத்துகளில் பூசி, குமிழி வருகிறதா என்று மூச்சை அடக்கிப் பார்ப்பாள்.

அங்கே நடக்கும் ஆராய்ச்சி மிகச் சிறியது. வெற்றிடக் கலத்துக்குள் நகமளவு சிலிக்கன் தகடு. அதன் மேற்பரப்பில் ஐதரசன் அணுக்களை ஒட்டவைத்து, பிறகு சூடேற்றுவார்கள். நானூறு பாகையில் ஒரு பங்கு பிரியும். ஐந்நூறைத் தாண்டும்போது மிச்சமும் இரண்டிரண்டாகச் சேர்ந்து கிளம்பிவிடும். வெளியேறும் வாயுவின் அளவைக் காட்டும் கோடு கணினித் திரையில் இரண்டு மேடுகளாக எழுந்து அடங்கும். "அக்கா, தகட்டிலயிருந்து வாறது ஒரு நெருப்புக்குச்சி பத்தவும் காணாது" என்று சிரிப்பாள் ஆய்வு மாணவி மதனி, யாழ்ப்பாணத்துக்காரி. ஞானேஸ்வரிக்குத் தகட்டைப் பற்றிப் பயமில்லை. அடுத்திருக்கும் வாயு அறையில் ஆளுயரத்துக்கு நின்று, குழாய் வழியே கலத்துக்கு ஐதரசன் அனுப்பும் சிலிண்டரைப் பற்றித்தான் பயம்.

போன புரட்டாதியில் ஒரு மத்தியானம். இரண்டாவது மேடும் எழுந்து முடிந்தது. ஆனால் கோடு இறங்கவில்லை.

"இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்குது போல. சூட்டைக் கூட்டிப் பாப்பம்" என்றாள் மதனி.

ஞானேஸ்வரி திரையையே பார்த்தாள். அறுநூறு பாகை. தகட்டில் இனி எதுவும் மிஞ்சியிருக்க முடியாது.

"மிஸ், இது தகட்டுல இருந்து வரல. வெளிய இருந்து உள்ளுக்கு வருது."

வாயு அறைக் கதவைத் திறந்து, சிலிண்டர் கழுத்தில் தூரிகையை வைத்தாள். மெல்லிய சீறலோடு நுரை பொங்கிக் கொப்பளித்தது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகியிருந்தது. ஏறிய அழுத்தம் கலத்துக்குள்ளும் அறைக்குள்ளும் வாயுவைத் தள்ளிக்கொண்டிருந்தது. மணமில்லை, நிறமில்லை. எவ்வளவு நேரமாகக் கசிகிறதோ.

மதனி பின்னாலேயே வந்து மின்விசிறி ஆளியை நோக்கிக் கை நீட்டினாள்.

"தொடாதீங்க மிஸ்." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "ஒரு சுவிட்சையும் தொடாதீங்க. மெதுவா வெளிய போங்க."

"நீங்களும் வாங்கோ அக்கா."

"வர்றேன், போங்க."

மதனி போனதும் ஜன்னல்களை அகலத் திறந்தாள். ஓடிவிடு என்றன கால்கள். சிலிண்டரின் வால்வைப் பிடித்தாள், இறுகியிருந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, முருகா முருகா என்று முணுமுணுத்தபடி திருகினாள். நான்காவது சுற்றில் சீறல் நின்றது. மறுபடி சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தாள். குமிழி இல்லை.

வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். மதனி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். ஞானேஸ்வரி மூடியைத் திருகினாள், விரல்கள் வழுக்கின. மீண்டும் திருகினாள், மூடி அசையவில்லை. பிறகு, எங்கோ பார்த்தபடி, போத்தலை மதனியிடமே நீட்டினாள்.